ரைனில் ஒரு சனிக்கிழமை

நாலு மணிக்கு வேலை முடிந்தது.
ரப்பர் மீனின் வயிற்றுக்குள்
சப்பாத்து, சட்டை, வதிவிட அட்டை,
பாதி தின்ற பணிஸ்.
வாயை ஏழு தரம் சுருட்டினேன்.
டிலக்சனா மூன்றோடு விட்டுவிட்டுக் குதித்தாள்.

ரைன் எங்களைக் கேட்காமலே இழுத்துப்போனது.
தினமும் டிராமில் கடக்கும் பாலத்துக்கு
இப்படியொரு அடிவயிறு:
புறா எச்சம், யாரோ கிறுக்கிய காதல்.
நான் தட்டுக் கழுவும் ஹோட்டல்
அக்கரையில் மெல்ல நகர்ந்தது.
பல்கனியில் வைன் கிண்ணத்தோடு ஒருவர் கையசைத்தார்.
அசைத்தேன்.
கிண்ணம் நாளை என்னிடம்தான் வரும்.

பாசல் முழுக்க ஆற்றுக்குள் கிடந்தது,
தலை தலையாக, மீன் மீனாக.

கடைசிப் படிக்கட்டையும் தவறவிட்டோம்.
"அட்டை நனைஞ்சிருக்குமோடி?" என்கிறாள்,
சிரிப்பில் தண்ணீர் குடித்து.

இன்னும் கொஞ்சம் மிதந்தால்
பிரான்ஸ்.