முத்து 29, பெற்றுக்கொண்டேன்

எண்ணிக் கொடுத்தாள் எவஞ்சலின்.
என்னையும் எண்ணச் சொன்னாள்.
தன் நோட்டில் தேதி போட்டு
'முத்து 29, பெற்றுக்கொண்டேன்'
என்று எழுதி வாங்கினாள்.
முப்பத்திரண்டு வருடம் மண்டல ஆபீசில்
பிறப்பும் இறப்பும் பதிந்தவள்.
என் கையெழுத்தின் வாலைக்கூட
இரண்டு முறை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ரிட்டயர்மென்ட்.
அதற்குள் வேண்டும்.
இடையிடையே சங்கிலி விட்டு
வயிறு வரை தொங்குவதை
கழுத்தெலும்போடு நிறுத்தணும்.
முத்துக்கு முத்து முடிச்சு.
கொக்கி, ஒரு கையால் மாட்டும்படி.
"பின்னாடி நின்னு மாட்டிவிட
வீட்ல யாரும் இல்ல."

டி.எச். ரோடு மாடியில் என் அறை,
கீழே பேட்டரி கடை.
சாப்பாட்டுத் தட்டில் துண்டை விரித்து
பழைய நூலை வெட்டினேன்.
வேர்வையும் பவுடரும் ஊறி
கருவாட்டு நரம்பாகியிருந்தது.
அறுந்தும் ஒன்றும் உருளவில்லை.
ஆணிமுத்து என்றால் இந்நேரம்
கட்டிலுக்கடியில் படுத்துத் தேடிக்கொண்டிருப்பேன்.
இவை விழுந்த இடத்தில் உட்கார்ந்தன,
ரேஷன் வரிசையில் இடம் பிடித்த பைகள் மாதிரி.

ஒன்று பூண்டுப் பல்.
ஒன்று முளைவிட்ட இஞ்சி.
ஒன்று இடுப்பொடிந்து
பாதி நிமிர்ந்து விட்டுவிட்டது.
ஒன்று குழந்தையின் குதிகால், அப்படியே.
முத்து முத்தான எழுத்து என்கிறார்களே,
இது முத்தே கிறுக்கியது,
அவசரத்தில், இடது கையால்.

கழுவித் துடைத்து
ஒவ்வொன்றாய்ப் பல்லில் உரசினேன்.
அசல் நறநறக்கும்,
சரியாய் அலசாத கீரை போல.
பதினேழாவது வழுக்கிற்று.
வாய் கொப்பளித்து மறுபடி உரசினேன்.
வழுக்கிற்று.
துளையோரம் தோல் உரிந்து
உள்ளே வெறும் கண்ணாடி.

வழி தப்பிய கன்டெய்னர் லாரி ஒன்று
தெருவை நடுக்கிப் போனது.
தட்டில் இருபத்தொன்பதும் சேர்ந்து நடுங்கின.
இதுவும்தான்.

சொன்னால்
நீதான் மாத்தினே என்பாள்.
சொல்லாமல் விட்டால்
நாளைக்கு வேறொருத்தி
பல்லில் உரசிச் சொல்வாள்.
முத்து மாதிரி ஒன்று என்று
எழுதிக் கையெழுத்துப் போட
அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லையே.

இரண்டு ராத்திரி கோத்தேன்.
நூல் நுனியில் நெயில் பாலிஷ் தடவி விறைக்க வைத்து,
முடிச்சை ஊசியால் தள்ளித் தள்ளி
முத்தின் முதுகோடு இறுக்கி,
பதினேழாவதை
கொக்கிக்குப் பக்கத்தில்
பிடரி மயிருக்குள் ஒளித்தேன்.

வியாழன் சாயங்காலம் வந்தாள்.
ஒரே கையால் மாட்டினாள்.
கண்ணாடி நீட்டினேன், பார்க்கவில்லை.
விரல் நேராகப் பின்கழுத்துக்குப் போயிற்று,
கொக்கியைத் தாண்டி
அடுத்ததில் நின்றது.

"இத ஏன் பின்னாடி வச்ச?"

கொஞ்சம் லேசு, அதான்.
எனக்கே கேட்கவில்லை என் குரல்.

"லேசாத்தான் இருக்கும்.
பர்மா பஜார்ல நூத்தியிருபது ரூபா.
அசல வித்துதான்
பையனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டுனேன்.
மத்ததெல்லாம் அந்த ஆளு
கப்பல்ல சமைக்கப் போன எடத்துல
பொறுக்கிக்கினு வந்தது.
எனக்குப் புடிச்சிருக்கான்னு
எந்த ஊர்லருந்தும் கேட்டதில்ல.
இது ஒண்ணுதான்
நாலு கடை ஏறி எறங்கி
நானா பார்த்து வாங்குனது.
நடுவுல வை."

போட்ட முடிச்சையெல்லாம் வெட்டினேன்.
அவள் நகரவில்லை.
கீழேயிருந்து டீ வரவழைத்து
ஆற ஆறக் குடித்தாள்.
எட்டு மணிக்கு கரன்ட் போயிற்று,
செல்போன் வெளிச்சத்தை
என் விரல் மேல் பிடித்திருந்தாள்,
கை ஆடாமல்.
லேசானது நடுவில் நின்றால்
சும்மா இராது, புரளும்.
ஒரு பக்கம் இஞ்சி,
ஒரு பக்கம் குதிகால்,
இரண்டையும் ஒட்டிக் காவல் வைத்தேன்.

இந்த முறை கண்ணாடி கேட்டாள்.
பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டை எடுத்து
என் வரிக்குக் கீழே
அவளும் எழுதினாள்:
முத்து 29, பெற்றுக்கொண்டேன்.

பிறகு கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்தாள்,
ஒரு மாலைக்கு
ரெண்டு தரம் நூல் எதுக்கு என்று.