கூட்டக் குறிப்பு: விடயம் ஏழு

வேலணைப் பிரதேச செயலகம், மேல்மாடி.
மாதத்தின் மூன்றாம் புதன்.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
நான் பேசுவதில்லை. பேசினால்
அதையும் நானேதான் எழுதவேண்டிவரும்.

ஆறு விடயங்கள் தேத்தண்ணிக்கு முன்னமே முடிந்தன.
ஏழாவதில்
மருத்துவிச்சி புஸ்பகலா கொப்பியைப் பிரித்தா.
"தம்பிக்காரனை நிறுக்கப் போனனான்.
மூத்தது கதவுக்குப் பின்னாலை நிண்டது.
பள்ளிக்கூட நாள், பதினொரு மணி.
பேர் வினுசா எண்டு எழுதியிருக்கிறன்."

பெனடிக்ரா ரீச்சருக்கு இடாப்புத் தேவைப்படவில்லை.
"என்ர வகுப்பிலை வினோஷியா எண்டு ஒண்டு.
இந்தத் தவணை பத்தொன்பது நாள் வரேல்லை.
வந்த நாளெல்லாம்
சீருடைக்கு மேலாலை சுவெற்றர்,
பங்குனி வெயிலுக்கை."

பண்ணைப் பாலம் தாண்டி வந்த டொக்டர் அஸ்வர்
கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
"தை மாதம் பெரியாஸ்பத்திரிக்கு
ஒரு முறிஞ்ச கை வந்தது.
கிணத்தடியிலை வழுக்கினதாம்.
பேரும் விலாசமும் வேற.
கூட வந்த ஆளுக்கு ஒற்றைக் காதிலை கடுக்கன்."

"கடுக்கனோ?"
கிராம உத்தியோகத்தர் திருநீலகண்டன்
பேனை மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
"வீடு என்ர பிரிவு, கிணறு மற்றப் பிரிவு.
தாய் குவைத்திலை.
அந்தாளை மாமா எண்டு சொல்லுகினம்.
வாக்காளர் இடாப்பிலை அப்பிடி ஒரு மாமா இல்லை."

ஒரே பிள்ளை.
நாலு மேசையில் நாலு எழுத்துப்பிழையாக
தை தொடங்கி
எங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

வழக்கம்போல் நான் எழுதினேன்:
நடவடிக்கை: அனைவரும்.

சிறுவர் உரிமை உத்தியோகத்தர் சுகிர்தமலர்
எழும்பி வந்தா.
என் பேனையை வாங்கி
அந்தச் சொல்லை வெட்டினா, தாள் கிழிய.
"அனைவரும் எண்டால் ஆர்?
ஒரு பேரைச் சொல்லுங்கோ.
நாளைக்கு எண்டு சொல்லாதேங்கோ.
எத்தினை மணிக்கு எண்டு சொல்லுங்கோ."

சப் இன்ஸ்பெக்டர் நிலூகா ஏற்கெனவே
வெளிவிறாந்தையில் ஊர்காவற்றுறையோடு கதைத்துக்கொண்டிருந்தா.
திரும்பி வந்து என்னைக் காட்டினா.
சிங்களம் தெரிந்த தமிழ்ப் பெண்
அந்த அறையில் நான் ஒருத்திதான்.

அன்று பின்னேரம் நான் குறிப்பு எழுதவில்லை.
ஒரு பாயில் இருந்து
பிள்ளையின் சொற்களை மெல்ல மெல்ல
மற்றப் பாசைக்குள் இறக்கி வைத்தேன்.
"அவரின்ரை கைக்குப் பயமில்லை.
மோட்டச்சைக்கிள் சத்தத்துக்குத்தான்."
நிலூகா எழுதுவதை நிறுத்தி
தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவளிடம் நீட்டினா.

அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"நான் போனால்
என்ர ஆட்டுக்குட்டிக்கு ஆர் குழை போடுவினம்?"

அதற்கு ஒரு திணைக்களமும் இல்லை.
நன்னடத்தைப் பிரிவு ஜெயரூபன் கோப்பைப் புரட்டினார்.
பெரியம்மா வீடு கரவெட்டியில், நீதவானின் கட்டளை,
கிழமைக்கு ஒருக்கால் போய்ப் பார்ப்பது,
எல்லாவற்றுக்கும் பத்தி இருந்தது.
ஆட்டுக்கு இல்லை.

படலைக்கு வெளியில் நின்ற திருநீலகண்டன்
செருமிவிட்டுச் சொன்னார்:
"எங்கடை வேலியிலை கிளிசீரியா நிக்குது."

அடுத்த மாதம், மூன்றாம் புதன்.
வழக்கு ஆவணிக்குப் பிற்போடப்பட்டது.
கடுக்கன்காரன் பிணையில் நிற்கிறான்,
தீவுப்பக்கம் வரக்கூடாது.
பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், கரவெட்டியில்.
புதிய இடாப்பில் பேரைச் சரியாக எழுதிவிட்டதாக
ஜெயரூபன் இரண்டு தரம் சொன்னார்.
இரவில் இன்னும் எழும்பி இருக்கிறாளாம்.
அதற்குப் பொறுப்பு: சுகிர்தமலர்,
மனநலப் பிரிவோடு, வெள்ளி ஒன்பது மணி.

ஏழு, உபபிரிவு நான்கு.
பொறுப்பு: கிராம உத்தியோகத்தர்.
"குட்டி சுகம். கயிறு மாத்தியிருக்கிறன்.
போட்டோ எடுத்துப் பெரியம்மாவின்ரை போனுக்கு அனுப்பினான்."
ஒருவரும் சிரிக்கவில்லை.
சொன்னபடியே எழுதினேன்.

கிணறு இருக்கும் பிரிவுக்குரியவர்
இந்த முறையும் வரவில்லை.
'சிலர் சமூகமளிக்கவில்லை' என்று எழுதுவதுதான்
எங்கள் அலுவலக மரியாதை.
நான் பேரை எழுதினேன்.