எட்டுக்கால்

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை துளசிராம்
ஏற்காட்டில் ஒரு விடுதி கட்டினார்.
பதினாறு அறை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்,
பெயர் பாடகம்.
காலில் போடுவது, பாட்டு இல்லை என்று
வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

எழுத்து என்னுடையது.
அஸ்தம்பட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில்
ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து வரைந்தது.
நிற்கிற கோடு தடி, படுக்கிற கோடு இழை.
ட-வின் தண்டு உருக்காலைத் தகடு என்றால்
அதன் அடி
கம்பியச்சின் கடைசித் துளையில் இழுத்த வெள்ளி.
நுனிக்கு நுனி, மெட்டி போட்ட மாதிரி
ஒரு சின்னக் குறுக்குக்கீற்று.

கணினியில் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து
சோறு ஆறிப்போன நாட்கள் உண்டு.

ஊரில் அது நன்றாகவே நடமாடியது.
சென்ட் புட்டியில். ஜவுளிக்கடைப் பையில்.
குழந்தைப்பேறு மருத்துவமனையின் அட்டையில்.
கல்யாணப் பத்திரிகையில்
பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அதில்,
தாய்மாமன்கள் வேறு எழுத்தில்,
அதற்கு ஒரு சண்டை.
எந்தப் பொருளின் மேல் ஏறி நின்றாலும்
பத்து ரூபாய் கூடக் கேட்கும் எழுத்து.
தட்டுவடை செட் போடுகிற ஒருவர் ஆசைப்பட்டார்,
எழுதிக் கொடுத்தேன்.
விலைப்பலகையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு
ஜனம் அடுத்த வண்டிக்குப் போனது.
மறுவாரம் அவர் பழைய உருண்டை எழுத்துக்கே திரும்பிவிட்டார்.

ஐப்பசியில் போன்.
"பேரைக் காணோம்மா."

வண்டிக்கூரையில் சம்சுதீனின் ஏணி,
மடியில் டிரில்லிங் மெஷின்.
பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
சேலம் அணைந்தது.
பிறகு முன்சக்கரம் தெரிந்தால் போதும் என்று ஆனது.

பலகை நின்றுகொண்டுதான் இருந்தது.
ப-வுக்கு அடி இல்லை, இரண்டு கால்.
துணைக்காலுக்குத் தோள் இல்லை, இன்னும் இரண்டு.
ட ஒற்றைக்காலில்.
க-வுக்கு நடுத்தண்டு மட்டும்.
ம-வுக்கு இரண்டு,
மேலே புள்ளி மட்டும்
ஒன்றும் நடக்காதது போல.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே டவுன் பஸ் வந்தது.
"எட்டுக்கால் பங்களா எறங்கு!"
மூன்று பேர் இறங்கினார்கள்.
நடத்துனர் கேலியாகச் சொல்லவில்லை.
அதுதான் அந்த நிறுத்தத்தின் பெயர்.

துளசிராம் மப்ளரை இறக்கிவிட்டுப் பேசினார்:
"காலுக்கு நகைன்னு பேர் வெச்சேன்.
பூச்சி பேர் ஆக்கிட்டானுங்க.
செய்கூலி வாங்கினீங்க சரி,
சேதாரம் யார் கணக்கு?"

கையில் பிடித்துப் படிக்க வரைந்த எழுத்து, சார்,
என்று ஆரம்பித்தேன்.
"கொலுசுல மணி கோக்கிற வளையத்தை
இந்த மெல்லிசுல வெச்சா
படியேறும்போதே அறுந்திரும்.
எங்க பட்டறைப் பையனுக்குத் தெரியும் இது."
எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
பனியின் மேல் அச்சடிப்பேன் என்று
நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டிக்குள் மடிக்கணினியைத் திறந்து
இழைகளை மூன்று மடங்கு தடிப்பாக்கினேன்.
பரதம் ஆடுகிறவளுக்கு கம்பூட்ஸ்.
சோப்பு உறைக்கும் காலை உணவு அட்டைக்கும்
பழையதே இருக்கட்டும் என்றேன்.
சாவி வில்லைக்கும் என்றார் அவர்,
கோபம் குறையாமல்.

வெளியே சம்சுதீன் ஏணியில் நின்று
பேசாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.
ம்-முக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில்
நிஜ எட்டுக்கால் ஒன்று குடியிருந்தது.
நான் எந்தத் திரையிலும் இழுக்கத் துணியாத மெல்லிசு,
இழை இழையாகப் பனி கோத்து,
முழு வலையும்
சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிந்தது.

ஆறு போல்ட்டைக் கழற்றினார்.
அந்த ஏழாவதைக்
கடைசிக்கு வைத்துக்கொண்டார்.