கழித்தல்

லாபிஸ் ஆலையின் எடைமேடையில்
எனக்குப் பன்னிரண்டு வருடம்.
செம்பனைக் குலையோடு நிறைந்து வரும் லாரி
காலியாகித் திரும்பும்.
இரண்டு எண்ணையும் கழித்து
மிச்சத்தை ரசீதில் எழுதுவேன்.
கழித்தலில் நான் தவறியதில்லை.

வீட்டுக்குப் பின்னால்
தண்டவாளத்தை ஒட்டி ஒன்பது கட்டைகள்.
ஹம்டான் தன் பழைய ஹைலக்ஸில்
கொண்டுவந்து இறக்கியவை.
உள்ளே கெலுலுட். கொசுவைவிடச் சற்றுப் பெரிது.
கொடுக்கு கிடையாது;
கோபம் வந்தால் காதுக்குள் நுழையும்,
தலைமுடியைக் கடித்துக்கொண்டு தொங்கும்.
என்ன செய்யணும் என்று கேட்டேன்.
"ஆண்டவன் இதுகளுக்கு வழி சொல்லிட்டான்.
நீ வழியை மறிக்காம இரு"
என்றார், மலாயில்,
பணத்தை எண்ணிக்கொண்டே.

மெழுகும் பிசினும் குழைத்து
எக்காளம் போல ஒரு வாசல் கட்டியிருந்தன.
இருட்டுப் பிரியும்போது அதன் எதிரில்
கோப்பிக் குவளையோடு நிற்பேன்.
பெரட்டு இல்லை,
பேர் கூப்பிட ஆளில்லை,
காலியாகப் போய் நிறைந்து வந்தன,
என் லாரிகளுக்கு நேர்மாறாக.

மரியதாஸ் வீட்டுப் பலாவில் எங்கே காயமோ
அங்கே போய்ப் பிசின் எடுக்கும்.
வெட்டியது யார் என்று கேட்பதில்லை.
எங்கள் லயத்திலும்
மரத்தின் காயத்திலிருந்துதான் சோறு.
என்ன, கீறியதும் நாங்களே.

முதல் அறுவடை.
கருத்த திராட்சைக் கொத்துபோல்
சின்னச் சின்னச் சட்டிகள்.
பம்ப் வைத்து உறிஞ்சினேன்.
நாக்கில் புளிப்பு, அப்புறம் இனிப்பு,
அதற்கும் அப்புறம்
பேர் தெரியாத ஏதோ ஒரு கசப்பு.
இந்தச் சட்டிகளை நிரப்பியவற்றில் பாதி
இந்நேரம் செத்திருக்கும்.
ஐம்பது நாள்தான் ஆயுசு என்கிறார்கள்.
தான் தின்னப்போவதில்லை என்று தெரியாமலா வைத்தது?
தெரிந்தும் வைத்ததா?
தெரிவது, தெரியாதது
என்ற இரண்டு அறையே
அந்தக் கட்டைக்குள் இல்லையோ?

நோட்டில் எழுதினேன்.
கட்டை ஒன்று, நூற்றுப்பத்து கிராம்.
கட்டை இரண்டு, தொண்ணூறு.
கட்டை நான்கு, பதினெட்டு.
அதற்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு.

கோட்டைப் பார்த்ததும் கை நின்றது.
இதே கோட்டை நான் பார்த்திருக்கிறேன்.
செக்ரோலில், அம்மா பேருக்கு நேராக,
நான் பிறந்த மாதத்தில்
யாரோ ஒரு கிராணி இழுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை
புட்டியில் பாதியைக் கோயிலுக்குக் கொடுத்தேன்.
பயம்தான், பக்தி என்று சொல்லமாட்டேன்.
பண்டாரம் ஊற்றினார்.
அம்மன் தோளில் வழிந்து,
முழங்கையில் ஒரு கணம் தயங்கி,
காலடிக்கு வந்து,
கோமுகி வழியாக வெளியே போனது.
"ஆத்தா ஏத்துக்கிட்டா" என்றார்
பொருளாளர் சிங்காரவேலு.

மறுநாள் காலை
கோயிலுக்குப் பின்புறக் கால்வாயில்
கருப்பாக மொய்த்திருந்தன.
என்னுடையவையா, வேறு யாருடையவையா,
முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
ஈரக் கல்லை நக்கி, வயிறு நிறைத்து,
தண்டவாளப் பக்கமாகப் பறந்தன.
ஆத்தா எங்கே ஏற்றுக்கொண்டாள்?
வழிவிட்டாள்.

கட்டைகளில் எழுதியிருந்த இலக்கங்களை
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
நாலு மட்டும் முழுதாக அழியவில்லை.
தேன் இன்னும் எடுக்கிறேன்,
பொய் சொல்லக் கூடாது.
எது யாருடையது என்பதில் மட்டும்
பழைய நிச்சயம் இல்லை.

போன வாரம் இரவு ஷிப்ட்.
மிச்சப் புட்டியை எடைமேடையில் வைத்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
புட்டியைக் கையில் பிடித்து நானே ஏறினேன்.
ஜன்னல் வழியாகச் சிவப்பு எண்: அறுபது.
புட்டியைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.
அறுபது.

கழித்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது,
வழி விடச் சொல்லி.