மூன்றாவது மாதக் கஞ்சி

பால் பொங்கினால் ஓடுகிறாள்.
நெய் உருகினால் ஓடுகிறாள்.
கடுகு வெடிக்கிற சத்தமே போதும்
வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு.
மூன்றாவது மாதம்.
நேற்று முழுக்கப் பொன்ரதி தின்றது
அரை எலுமிச்சம்பழம், இரண்டு ரஸ்க்.
ரஸ்க்கில் பால் இருக்கிறதென்று
தின்று முடித்தபின் அட்டையைப் படித்தாள்.
அதுவும் போயிற்று.

கப்பலூர் பட்டறையில் இரவு வேலை இல்லாத நாள்.
கீழமாசி வீதியில் இறங்கி
பார்லி அரைக்கிலோ கேட்டேன்.
"யாருக்கு, நீர்க்கடுப்பா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
லின்ஸ் நகரத்து இரும்பாலையையும்
லியாங்கையும் ஹெர்பர்ட்டையும்
தராசுக்கு முன்னால் நின்று எப்படி விளக்க?

இரண்டு குளிர்காலம் அங்கே வெல்டராக இருந்தேன்.
மூன்று பேர், ஓர் அறை, ஒரே மின்னடுப்பு.
லியாங் முட்டைகூடத் தொடமாட்டான், அவன் விரதம் அப்படி.
ஹெர்பர்ட்டுக்கு டாக்டர் பன்றிக்கறியை நிறுத்தியிருந்தார்.
நான் காசு மிச்சம் பிடித்தேன்.
மூன்று காரணமும் ஒரு பானையில் விழுந்தது.
அவன் ஜோவ் என்றான்.
இவன் ரிட்சர்ட் என்றான்.
நான் கஞ்சி என்றேன்.
கரண்டி யார் கையிலோ
அன்றைக்கு அவன் வைத்ததே பேர்.

திருநகர் அடங்கிவிட்டது.
பார்லி ஒரு டம்ளர், வரகு அரை டம்ளர்
(வரகு என் திருட்டு, அங்கே கிடையாது),
ஊறின தட்டைப்பயறு ஒரு கை,
தண்ணீர் தாராளமாக.
குக்கர் வேண்டாம்,
விசிலுக்கு எழுந்துவிடுவாள்.
இஞ்சியைத் தீக்குச்சி தீக்குச்சியாய் நறுக்கியது லியாங்கின் விரல்.
சீரகம் மாதிரி இருந்து சீரகமாக இல்லாத அந்த விதையை
வறுக்காமல் தூவியது ஹெர்பர்ட்.
காய்ந்த காளான் ஊறிய தண்ணீரை ஊற்றினேன்,
முதல் மழை விழுந்த கண்மாய் மாதிரி ஒரு மணம்.
கை இரண்டு தடவை கடுகு டப்பாவரை போய்த்
திரும்பி வந்தது.

சூட்டை அவசரப்படுத்தினால்
மேலே ஒட்டும், உள்ளே ஒட்டாது.
இரும்பில் படித்த பாடம்.
சிம்மில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தேன்.
நாகர்கோவில் வண்டி ஒன்று தடதடத்துப் போனது.
பயறு நசுங்கிற்று. வரகு காணாமல் போயிற்று.
பார்லி மட்டும்
நான் இருக்கிறேன் என்று பல்லுக்குச் சொல்கிற பதம்.
சோயா சாஸ், ரெண்டு சொட்டு நல்லெண்ணெய்,
கடைசியாகப் பூசணிவிதை எண்ணெய்.
ஊருக்குக் கிளம்பும்போது ஹெர்பர்ட்
பழைய பனியனில் சுற்றிக் கொடுத்தது,
பாட்டிலில் இன்னும் ஒரு விரற்கடை.
கருப்பா பச்சையா என்று
இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

"என்ன, லேத்து ஆயிலா?"
எப்போது எழுந்து வந்தாளோ.
"கஞ்சி."
முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.
ஓடவில்லை.
ஒரு கரண்டி. இரண்டு. மூன்று.
நான்காவது கரண்டியைக்
குழாயடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதுகைத் தடவிவிட்டேன்.
பேசாமல் பானையை மூடினேன்.
பேசாமல் படுத்தோம்.
இன்னும் எதைத்தான் சமைப்பது என்று
விட்டத்து மின்விசிறியோடு கணக்குப் பார்த்தேன்.

நாலரைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.
விளக்குப் போடாமல், நின்றபடி,
பானையில் நேராகக் கரண்டி விட்டு
ஆறி இறுகிப்போன கஞ்சியைப்
பெயர்த்துப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.
ஜன்னலில் பரங்குன்றம்
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டாக.
திரும்பாமலே கேட்டாள்:
"நார்த்தங்காய் ஊறுகா எங்க?"
"அது இதுக்குச் சேருமான்னு தெரியல."
"சேரும். எடு."

எடுத்தேன்.
ஜோவ், ரிட்சர்ட் என்று
ஆரம்பித்தவனைக் கரண்டியால் நிறுத்தினாள்.
"பேரெல்லாம் அப்புறம் வைக்கலாம்.
பார்லி மிச்சம் இருக்கா?"

ஒரு வாரத்துக்கு வரும்.
அதற்குப் பிறகு கீழமாசி வீதியில்
நீர்க்கடுப்பு இன்னும் தீரவில்லை என்று
முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு
சொல்ல வேண்டியிருக்கும்.