வலது, ஒன்றரை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு நேர் உயரத்தில் என் கிளினிக்.
பஸ்ஸில் போகிறவர்கள்
நாற்காலியில் கிடப்பவரின் திறந்த வாயைப் பார்த்தபடியே போவார்கள்.
அதனால்தான் திரை.
திரைக்கு இந்தப் பக்கம் மேசைமேல்
எட்டு மாதத்துக்கு முந்தைய ததேயுஸின் வாயும்
இன்றைய ததேயுஸின் வாயும்
வெள்ளை அச்சுகளாக, அருகருகே.

மேலே இரண்டு, கீழே இரண்டு.
நல்ல பற்கள்தான், பிடுங்கச் சொன்னேன்.
பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர் இடம்,
எட்டிப் பார்க்கும் முன்பற்கள் பின்வாங்கி உட்கார.
"உதடு மூட மாட்டேங்குது டாக்டர்,
ஒறங்கி எந்திச்சா வாயெல்லாம் உப்பு"
என்றுதான் முதல் நாள் வந்தான்.
குறும்பனைக்காரன், விசைப்படகு டிரைவர்.
அழகுக்கு இல்லை என்று மூன்று தடவை சொன்னான்.

ஆறு பற்களை இழுக்க
எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.
கடைவாய்ப் பல்லைப் பிடித்தேன். மூன்று வேர், தடித்த உடம்பு.
அண்ணத்தின் குறுக்கே கம்பி வளைத்து
இரண்டையும் பிணைத்தேன்.
இழுக்கிறவனும் இழுபடுவான்
என்பது முதல் வருடமே படித்ததுதான்.
கரமடி இழுக்கையில் குதிகால் மணலில் கொஞ்சம் சறுக்கும்.
கொஞ்சம் என்றுதான் நானும் நினைத்தேன்.

டிவைடரின் ஒரு கால் அண்ணத்தின் மூன்றாவது வரிமேட்டில்.
பல் எங்கே போனாலும் அந்த வரி அநேகமாகப் போகாது.
மறு கால் கடைவாய்ப் பல்லில்.
இடது, அரை.
வலது.
மறுபடியும் வலது.
ஒன்றரை.

முன்வீட்டுக்கென்று ஒழித்துவைத்த நிலத்தில்
பின்வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான்.
ராவோடு ராவாக இல்லை,
எட்டு மாதம், சோறு மென்றுகொண்டே.

"நங்கூரப் பல் நகர்ந்திருக்கு" என்றேன்.
எங்கள் பாடத்தில் அதற்குப் பெயரே அதுதான்.
ரப்பர் சங்கிலி தெரியச் சிரித்தான்.
"நங்கூரம் இழுபடாம இருக்குமா?
அடி மணலா இருந்தா இழுபடத்தான் செய்யும்.
பாரா இருந்தா பிடிக்கும்.
இழுபடுதாண்ணு அறியணும்ணா கரையப் பாக்கணும் டாக்டர்.
கோயில் உச்சி லைட்டும் செல் டவர் லைட்டும்
ஒண்ணுமேல ஒண்ணு நிண்ணா நாங்க நிக்கோம்.
பிரிஞ்சா, போறோம்."
அப்புறம் கேட்டான்:
"நீங்க எப்பப் பாத்தீங்க?"

மூன்று தடவை அவன் வரவில்லை.
தங்குகடல். பதினெட்டு நாள், இருபது நாள்.
அதைச் சொல்லியிருக்கலாம்.
வந்த ஐந்து தடவையும் நான் பார்த்தது முன்பற்களை.
இடைவெளி குறையக் குறைய
இரண்டு பேருக்கும் சந்தோஷம்.
எந்தப் பக்கத்திலிருந்து குறைகிறது
என்று யாரும் கேட்கவில்லை.

"இன்னைக்குத்தான்" என்றேன்.

திருகு எட்டு மில்லிமீட்டர்.
பல்லில் இல்லை, எலும்பில்,
இரண்டு வேர்களுக்கு நடுவே
எக்ஸ்ரேயில் மூன்று மில்லிமீட்டர் ஒடுக்கத்தில்.
மரத்த ஈறில் முறுக்க முறுக்க
பேச முடியாத அவன் புருவத்தை உயர்த்தினான்:
பாரு கிட்டிச்சா?
கிட்டியது.
மணல் முடிந்து கல் தொடங்கும் தடையை
விரல் அறிந்தது.
திருகும் ஒரு மயிரிழை சாயலாம் என்றேன்.
இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டு திருகுக்கும் காசு வேண்டாம் என்றதற்கு
"ஒண்ணுக்கு வாங்குங்க" என்றான்,
பஞ்சு கடித்த வாயோடு.
"மூணு மட்டம் நான் வரல்லியே."

அட்டையில் தேதி போட்டேன். வலது ஒன்றரை. இடது அரை.
காரணம் என்கிற கட்டம் சின்னது.
'நோயாளி வரவில்லை' என்பது அதில் கச்சிதமாக அடங்கும்.
'நான் பார்க்கவில்லை' என்பதும்
அடங்கத்தான் செய்தது.

பாலத்துக்கு அடியில் பைக் கண்ணாடியில்
உதட்டை மூடிப் பார்க்கிறான். மூடவில்லை.
ஹெல்மெட் போட்டுக்கொண்டு
கருங்கல் ரோட்டில் திரும்பிவிட்டான்.

அடுத்தது ஒரு கல்லூரிப் பெண். வாயைத் திறந்தாள்.
திரையை இழுத்துவிட்டு
கண்ணாடியைக் கடைசிப் பல்வரைக்கும் விட்டு
பின்னாலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.