நாலு அங்குலம்

காலடிப்பேட்டை திருப்பத்தில்
ஷேர் ஆட்டோ கூரையிலிருந்து
வழுக்கி விழுந்தது துப்பாக்கி.
பின்னால் வந்த மீன்வண்டி
அதன் மூக்கை மட்டும் மிதித்துவிட்டுப் போனது.

மூலகொத்தளத்தில் தஸ்தகீரின் லேத்து.
என் மூத்தவனைவிட இரண்டு வயசு சின்னவன்.
குழலை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து
ஒற்றைக் கண்ணால் உள்ளே போய்த் திரும்பினான்.
"முனையில நாலு அங்குலம் கோணிக்கிச்சுக்கா.
அறுத்துடலாம்."

அறுத்தால் வேகம் போய்விடாதா?
நீளக் குழல் நின்று அடிக்கும் என்று
இருபது வருஷமாய்
கடற்கரைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வந்தவள் நான்.
சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டவள்.

"ஸ்பிரிங்கு தள்றதெல்லாம்
மொத ஒரு சாணுக்குள்ள முடிஞ்சிபூடும்.
அப்பால குண்டு தானாத்தான் ஓடுது,
செவுத்த ஒரசிக்கினே.
காத்த அடைச்சி வெச்சி வுடுற துப்பாக்கின்னா
நீளம் ஓணும். அது வேற கதை.
உன்னுது ஸ்பிரிங்கு."

பதினெட்டு பதினாலானது.
அறுத்த வாயை நேராகக் கடைந்து
பித்தளைக் கூம்பில் எமரி தடவி
விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தான்.
காது குடையும் பஞ்சை உள்ளே விட்டு இழுத்தான்.
ஒரு இழை மாட்டியது.
மறுபடி தேய்த்தான்.
வாய் ஒரு பக்கம் பிசிறாயிருந்தால்
குண்டு வெளியே வருகிற நேரம் பார்த்துக்
காற்று அதன் முதுகில் உதைக்குமாம்.

அறுத்த துண்டோடு முன்குறியும் போயிருந்தது.
அந்தக் குறியை
சின்னச் சுத்தியால் ஒரு நெல்லளவு
வலப்பக்கம் தட்டி வைத்திருந்தவர் என் வீட்டுக்காரர்.
கடை வாடகை, பலூன், பிள்ளைகள் பீஸ்
எல்லாம் அந்த நெல்லிலிருந்து வந்தது.

தஸ்தகீர் பழைய துண்டைத் திருப்பிப் பார்த்தான்.
"புதுசும் இப்டிக் கோணலா வெக்கட்டா,
நேராவா?"
டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன்.
வந்தபோது நேராக வைத்திருந்தான்.
இரண்டு பேரும் டீயைக் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை.
திருவொற்றியூர்க் கடலோரம், கருங்கல் குவியலுக்கு இந்தப்பக்கம்
ஐம்பத்தாறு பலூன், எண்ணூர் வாடைக்கு ஆடிக்கொண்டு.
ட்ரெய்லர் ஓட்டும் டில்லிபாபு
பத்துக்கு ஒன்பது அடித்தான்.
துறைமுக வாசலில் மூன்று நாளாய்
அசையாமல் வரிசையில் கிடந்துவிட்டு வந்த கை.
கல்யாணம் ஆகி ஒரு வாரமான ஜோடி
பலூனையும் விட்டு, அட்டையையும் விட்டு
கடலைச் சுட்டார்கள்.
குறிக்கும் குறிக்கும் நடுவே இடம் குறுகியதில்
ஒரு நூல் பிசகினாலும் ஒரு பலூன் தள்ளிப் போகிறது.

முன்பெல்லாம் வந்தவர் எல்லோரும்
என் வீட்டுக்காரருடைய பிசகையே பிசகினார்கள்,
ஒரே மாதிரி, இடப்பக்கமாய்.
இப்போது அவரவர் பிசகு அவரவருக்கு.
கணக்குப் பார்த்தேன்.
நஷ்டம் அறுபது ரூபாய். பெரிசில்லை.

தோள்தான்.

ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி
ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.
ஒரு ஞாயிறுக்கு முந்நூறு தடவை.
எழுபதாவதில் கை நின்றுவிட்டது.
மடக்கப் பிடிக்கிற இடத்தில்
இரும்பு இல்லை, வெறும் உப்புக்காற்று.
அந்த நாலு அங்குலம் குண்டுக்குப் போட்டதே இல்லை.
எனக்குப் போட்டது.
விரட்டி அடிக்கிற இரும்பு என்று
நான் ஊருக்கெல்லாம் காட்டிய நீளம்
இத்தனை நாள் என் தோளைத் தாங்கியிருக்கிறது.

மறுநாள் பழைய இரும்புக் கடையில்
ஒரு அடி ஜி.ஐ. பைப் எடுத்தேன், நாற்பது ரூபாய்.
குழல்மேல் செருகுவேன், மடக்குவேன்,
உருவிவிட்டுத் துப்பாக்கியை நீட்டுவேன்.
அவர்கள் குறி பார்க்கும் வரை
பைப் என் மடியில் கிடக்கும்.

"இன்னாக்கா அது, சத்தம் வராம இருக்கவா?"
போதையில் ஒருவன் கேட்டான்.
ஆமாம் என்றேன்.
சுட்டான். பலூன் வெடித்தது.
சத்தம் வருதே என்றான்.
அடுத்த குண்டுக்கு
பைப்பைச் செருகினேன்.